அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்

மூன்று நாளாக எல்லாருடைய சமூக வலைத்தளப் பக்கத்திலும் அந்தப் படம்தான். பிரதேச செயலக வாசலில் மோட்டார் சைக்கிளில் இருக்கிற ஐயா, கையில் கிளினிக் கொப்பி. மேலே "இவருக்கும் கிட்னிக் காசா?" என்று கேள்வி, கீழே சிரிப்புக் குறிகள். ஏழைச் சிறுநீரக நோயாளிகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கும் உதவித்தொகைதான் அந்தக் கிட்னிக் காசு. பகிர்ந்தவர்களில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர்களும் இருக்கிறார்கள். அதுதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

ஒருவர் ஏழையா இல்லையா என்பதை ரோட்டில் நின்று படம் பிடித்துத் தீர்மானிக்க முடியாது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

என் அப்பாவும் சிறுநீரக நோயாளி. கிழமைக்கு இரண்டு தரம் டயலிசிஸ், ஒவ்வொரு தரமும் நாலு மணித்தியாலம். முதல் பஸ்ஸைப் பிடித்தால் அவருடைய நேரத்துக்குப் போய்ச்சேர முடியாது. ஓட்டோ பிடித்தால் கட்டாது. அதனால்தான் தம்பி லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுத்தான். அது எங்களுக்கு வசதி இல்லை, அப்பாவின் ஆம்புலன்ஸ். திரும்பி வரும்போது அவருக்குத் தலை சுற்றும் என்பதால் என் இடுப்போடு சேர்த்துச் சால்வையால் கட்டித்தான் கொண்டு வருவேன்.

"ஆஸ்பத்திரி இலவசம்தானே, பிறகு எதற்குக் காசு?" என்று ஒருவர் எழுதியிருந்தார். இலவசம்தான், அதற்கு ஆயிரம் நன்றி. ஆனால் போய்வரும் செலவு இலவசமா? மருந்து இல்லையென்று வெளியே வாங்கச் சொன்னால் அது இலவசமா? வெளியே செய்யச் சொல்லும் இரத்தப் பரிசோதனை? கூலி வேலைக்குப் போகாமல் கூட நிற்கிறவனின் அன்றைய சம்பளம்? வருமானம் குறைந்த சிறுநீரக நோயாளிக்கான அந்த உதவித்தொகை மாதத்துக்கு 5,000 ரூபாயாக இருந்து, 2024இல் 7,500 ஆகி, 2025இல் 10,000 ஆனது. மாதத்தில் எட்டு ஒன்பது தரம் போய்வருகிற ஆளுக்கு அதைப் பிரித்துப் பாருங்கள். ஒரு தரத்துக்கு 1,200 ரூபாய் அளவில்தான் வரும்.

"எங்கள் வரிக்காசு" என்கிறார்கள். அந்த ஐயா வாங்கும் சவர்க்காரத்திலும் 18 வீதம் வற் வரி இருக்கிறது.

பொய் சொல்லி எடுக்கிறவர்களே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள், எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அதைப் பற்றி முறைப்பாடு செய்ய வழி இருக்கிறது, செய்யுங்கள். ஆனால் கிடைக்க வேண்டியவர்களுக்குக் கிடைக்காமல் போவதைப் பற்றி ஒருவரும் படம் போடுவதில்லையே, ஏன்? வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான அரச உதவித்திட்டமான அஸ்வெசுமவின் முதல் பட்டியல் 2023இல் வந்தபோது அப்பாவின் பெயர் அதில் இல்லை. மேன்முறையீடு போட்டோம். ஒரு இடத்தில் வைத்தியரின் கடிதம் கேட்டார்கள். கடிதம் கொண்டுபோனால் முத்திரை தெளிவில்லை என்றார்கள். தெளிவான முத்திரையோடு போன நாளில் அதிகாரி லீவு. ஒவ்வொரு தரமும் ஒரு நாள் கூலி போனது. நாங்கள் படித்த பிள்ளைகள், படிவம் நிரப்பத் தெரியும். தனியே இருக்கிற ஒரு அம்மா என்ன செய்வார்?

அஸ்வெசுமத் தெரிவுக்கு 22 குறிகாட்டிகள் பார்க்கிறார்கள். வீடும் அதில் ஒரு விஷயம். எங்கள் பக்கத்தில் கல்வீடு எப்படி வந்தது? போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த ஐந்தரை லட்சமும், அது போதாமல் பட்ட கடனும். சுவர் நிமிர்ந்து நிற்கிறது, உள்ளே அடுப்பு எரிகிறதா என்று சுவரைப் பார்த்தால் தெரியுமா?

கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது. எழுதத்தான் வேண்டும். 2009இல் போரில் இடம்பெயர்ந்து வவுனியா மெனிக் பாம் முகாமில் இருந்தபோது இதே ஆட்கள்தான் ஒரே வரிசையில் வாளியோடு நின்றோம். முன்னால் நிற்பவர் தகுதியானவரா என்று அன்று யாரும் கேட்கவில்லை. முந்திச் சாப்பிடட்டும் என்று வயது போனவர்களை முன்னுக்கு விட்டோம். அந்த வரிசையில் நின்ற பிள்ளைகள்தான் இன்று போனைத் தூக்கிப் படம் எடுக்கிறார்கள்.

நேற்று அப்பாவின் பத்திரம் ஒன்று கொடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. அதற்கு முதல் நாள்தான் டயலிசிஸ் செய்து வந்தவர். யாரோ அவருக்கும் அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். சந்தி வந்ததும் என் தோளில் தட்டினார்.

"தம்பி, சைக்கிளை இதில விட்டிட்டு நடந்து போவமே?"

அரைக் கிலோமீற்றர். மூன்று இடத்தில் இருத்தி இருத்திக் கூட்டிக்கொண்டு போனேன்.