பாம்புக்கடியைக் கீறி விஷத்தை இறக்கலாம் என்பது பொய்

வயலிலோ தோட்டத்திலோ வேலை செய்பவரைப் பாம்பு தீண்டினால், கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுகக் கட்டி, பிளேட்டால் கீறி இரத்தத்தை வெளியேற்றினால் போதும் என்று யாழ்ப்பாணத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. அது தவறு, உயிருக்கே ஆபத்தானதும்கூட.

நெல் அறுவடைக் காலத்தில் கூலியாட்களை அதிகம் தீண்டும் கண்ணாடி விரியனின் விஷம் இரத்தம் உறையும் தன்மையைக் குலைப்பதால், கீறிய இடத்திலிருந்து இரத்தம் நிற்காமல் வடியக்கூடும். இறுகக் கட்டிய கயிறோ இரத்தோட்டத்தைத் தடுத்து, கை கால் தசைகளை அழுகச் செய்யலாம். மருத்துவமனையில் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாது வைத்து, அது உறைகிறதா என்று பார்ப்பதும் இதனாலேயே.

வலியும் வீக்கமும் இல்லையென்றால் விஷமில்லை என்று அப்பதிவு சொல்வதும் பிழை. இரவுக் காவலுக்குச் சென்று வெறுந்தரையில் படுப்பவர்களைத் தீண்டும் எட்டடி விரியனின் கடி பெரும்பாலும் வலிப்பதேயில்லை. கண்ணிமை சரிந்து மூச்சுத் திணறும் வரை பலர் அதை உணர்வதில்லை.

கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, தாமதமின்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். அங்கு சிகிச்சை இலவசம். பாம்பைப் பிடித்துக்கொண்டு போகத் தேவையில்லை (அதைத் துரத்திப் போய் இரண்டாவது ஆளும் கடிபடுவதுண்டு). நாகம், எட்டடி விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்தே பயன்படுகிறது.