சோதனை நாளுக்கு மட்டும் வந்துபோன அலாரம்

நேற்று இரவு ஒன்பது மணிக்கு, கிழக்கு லண்டனில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் உரிமையாளரிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்தது. “தம்பி, என்னைக் கேட்காமல் சீலிங்கில் அலாரம் மாட்டியிருக்கிறீங்கள். கழற்றிவிடுங்கோ. ஓட்டை போட்டதற்கு டெபாசிட்டில் பிடிக்க வேண்டி வரும்.” அந்த ஓட்டைகளை நான் போடவில்லை. மூன்று வாரங்களுக்கு முன்பு, என் கண் முன்னால், ஏணியில் ஏறி நின்று அவரே போட்டவை அவை. அவர் கழற்றிக்கொண்டு போன அலாரம் இருந்த அதே இடத்தில், என் சொந்தக் காசில் பதினெட்டு பவுண்டுக்கு வாங்கிய அலாரத்தை மாட்டியதுதான் நான் செய்த குற்றம்.

அன்று நடந்ததை முழுமையாகச் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. வாடகைக்கு விடும் உரிமத்துக்காகக் கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்ற, அதிகாரி சோதனைக்கு வரும் நாளும் நேரமும் அவருக்கு ஒரு வாரத்துக்கு முன்பே தெரியும். கிடங்கில் இரவு வேலை முடிந்து காலை ஏழரை மணிக்கு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, நடைவழியின் கூரையில் துளை போட்டுக்கொண்டிருந்தார். ஏணிக்குக் கீழே இருந்த பெரிய கடைப் பையில் ஐந்து புகை அலாரங்கள், வெந்நீர் பாய்லருக்குப் பக்கத்தில் வைக்கக் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவைக் காட்டும் அலாரம் ஒன்று, அடுப்படிச் சுவரில் தொங்கவிடத் தீயை மூடி அணைக்கும் தீப்போர்வை ஒன்று என, ஓர் ஆண்டாக நான் கேட்டுக்கொண்டிருந்தவை அனைத்தும் ஒரே காலையில் வந்து இறங்கியிருந்தன. முதல் பத்து நிமிடம் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

பிறகுதான் என்னையும், புதிதாக வந்து சேர்ந்திருந்த இன்னொரு தம்பியையும் அழைத்து, மாலை மூன்று மணி வரை வெளியில் இருந்துவிட்டு வரச் சொன்னார். வீட்டில் நாங்கள் ஏழு பேர். உரிம விண்ணப்பத்தில் அவர் எழுதியிருந்தது ஐந்து பேர். என் அறையை நானே நாடா வைத்து அளந்திருக்கிறேன். இரண்டரை மீட்டருக்கு இரண்டு மீட்டர் நாற்பது, அதாவது சரியாக 6 சதுர மீட்டர். பலர் பகிர்ந்து வாழும் உரிமம் பெற்ற வீடுகளில், பெரியவர் ஒருவர் உறங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது என்பது 2018 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் நடைமுறையில் இருக்கும் விதி. எனவே என் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து, எல்லோருடைய பெட்டிகளையும் அதன் முன்னால் அடுக்கி, நான் மாதம் 650 பவுண்டு கொடுத்து உறங்கும் இடத்தைச் சாமான் அறையாக்கினார். நடைவழியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மூன்று மின்சைக்கிள்களும் அவருடைய வேனில் ஏறின. இரவு முழுவதும் பெட்டி தூக்கிய உடம்போடு நான் நூலகத்தில் போய் உட்கார்ந்து, மேசையில் தலை சாயும்போதெல்லாம் எழுப்பப்பட்டு, மூன்று மணி எப்போது ஆகும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றரை மணிக்குத் திரும்பினால், அவர் மறுபடியும் ஏணி மேல் நிற்கிறார். அதிகாரி வந்து, பார்த்து, குறித்துக்கொண்டு போய்விட்டார். இவர் ஒவ்வொரு அலாரமாகக் கழற்றித் தூசி துடைத்து அதே பையில் போட்டுக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். அடுத்த வாரம் தம்முடைய இன்னொரு வீட்டுக்கு அதிகாரி வருகிறார் என்று, மறைக்க வேண்டிய செய்தி என்ற உணர்வுகூட இல்லாமல் சொன்னார். தீப்போர்வையையும் விடவில்லை. என் கட்டிலை மட்டும் நிமிர்த்தியபடியே விட்டுவிட்டுப் போனார். அதைக் கீழே இறக்கிப் படுப்பதற்குள் அடுத்த வேலைக்குக் கிளம்பும் நேரம் வந்துவிட்டது.

இந்த விதிகளை எவரும் பொழுதுபோகாமல் எழுதவில்லை. வாடகை வீட்டின் ஒவ்வொரு தளத்திலும் புகை அலாரம் இருக்க வேண்டும் என்று 2015இல் விதி வந்தது. எரிவாயு பாய்லர் உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும் என்று 2022இல் சேர்த்தார்கள். 2023 மார்ச்சில், இதே கிழக்கு லண்டனின் ஷாட்வெல் பகுதியில், பதினைந்து பேருக்கு மேல் நெருக்கியடித்து வாழ்ந்த இரண்டு படுக்கையறை வீட்டில் மின்சைக்கிள் பேட்டரி தீப்பிடித்தது. வங்கதேசத்திலிருந்து வந்து சில நாள்களே ஆகியிருந்த ஒருவர் உயிரிழந்தார். எங்கள் வீட்டில் அந்த மூன்று சைக்கிள்களும் அன்று மாலையே நடைவழிக்குத் திரும்பிவிட்டன. உணவு கொண்டுசெல்லும் அந்தப் பையன்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கு வைக்க வேறு இடமில்லை. ஆனால் இரவில் தீப்பிடித்தால் வாசலுக்கு ஓட எங்கள் ஏழு பேருக்கும் இருக்கும் ஒரே வழி அந்த நடைவழிதான். அதன் கூரையில் இருந்தவை நான்கு ஓட்டைகள்.

புகார் கொடுக்க வேண்டியதுதானே என்று கேட்பவர்கள், பணமாக வாடகை கொடுத்து ரசீது வாங்காமல் ஒரு மாதமாவது இருந்து பார்த்திருக்கிறார்களா என்று தெரியவில்லை. உரிமம் இல்லாமல் வீட்டை வாடகைக்கு விட்டால், 12 மாத வாடகை வரை திருப்பித் தரும்படி தீர்ப்பாயம் ஆணையிடலாம் என்று இருந்தது. 2025ஆம் ஆண்டு வாடகைதாரர் உரிமைச் சட்டம் அதை 24 மாதமாக உயர்த்தியிருக்கிறது. அந்த வாடகையைக் கொடுத்தேன் என்று நான் எதைக் காட்டுவது? அதைவிடப் பெரிய தடை “தம்பி” என்ற சொல். ஊர் விட்டு வந்த முதல் வாரத்தில், சம்பளச் சீட்டு கேட்காமல் எனக்கு அறை கொடுத்தவர் அவர். அதை நான் மறக்கவில்லை. அந்த நன்றியை வைத்தே என்னை ஓர் ஆண்டாக வாயடைத்து வைத்திருக்கிறார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. உண்மையில் தம்பியாக நினைப்பவர், நான் உறங்கும் வீட்டின் அலாரத்தைக் கழற்றிக்கொண்டு போவாரா?

கவுன்சில்களிடமும் எனக்குக் கேள்வி இருக்கிறது. 2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 239ஆம் பிரிவு, உரிமக் குற்றம் நடந்திருக்கிறதா என்று பார்க்க, முன்னறிவிப்பே இல்லாமல் வீட்டுக்குள் வர அதிகாரிகளுக்கு அதிகாரம் கொடுக்கிறது. லண்டன் மாநகரின் நியூஹாம் கவுன்சில் 2013இலேயே ஏறத்தாழ எல்லாத் தனியார் வாடகை வீடுகளுக்கும் உரிமம் கட்டாயம் என்று அறிவித்து, நாட்டுக்கே முன்னால் நின்றது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், நாள் சொல்லிவிட்டு வந்து கூரையை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனால், உரிமக் கட்டணத்தால் எங்களுக்கு என்ன பாதுகாப்பு? ஒரே ஒரு முறை, சொல்லாமல் கொள்ளாமல் காலை ஆறு மணிக்கு வாருங்கள். எத்தனை செருப்புகள் வாசலில் கிடக்கின்றன என்று எண்ணினாலே போதும்.

இன்று காலை அவருக்குப் பதில் எழுதினேன். அலாரத்தைக் கழற்ற மாட்டேன் என்று முதல் வரியில் எழுதினேன். இரண்டாவது வரியை எழுதும்போதுதான் எனக்கே உறைத்தது. டெபாசிட்டை வாங்கிய 30 நாள்களுக்குள் அரசு ஏற்ற காப்புத் திட்டம் ஒன்றில் சேர்த்து, அந்த விவரத்தை வாடகைதாரரிடம் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம். தவறினால் டெபாசிட்டைப் போல் மூன்று மடங்கு வரை எனக்குத் தர வேண்டியிருக்கும். வாடகை அத்தனையும் கையில் வாங்கியவர், வந்த நாளில் டெபாசிட்டை மட்டும் வங்கி வழியாக அனுப்பச் சொன்னார். அந்த வங்கிப் பதிவைப் படம் எடுத்து இணைத்து, பிடிக்கப்போவதாகச் சொன்ன டெபாசிட் எந்தத் திட்டத்தில் இருக்கிறது, பதிவு எண் என்ன என்று கேட்டிருக்கிறேன்.

இரண்டு நீலக் குறிகளும் காலை எட்டேகாலுக்கே விழுந்துவிட்டன. இப்போது மாலை ஆறு மணி; பதில் வரவில்லை.