செம்மொழிப் பூங்காவுக்கு முந்தைய வரலாறு

சென்னை கதீட்ரல் சாலைச் செம்மொழிப் பூங்காவின் வரலாற்றை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகத்திலிருந்து தொடங்கும் கட்டுரை ஒன்றைப் படித்தேன்; அது அதற்கும் மூத்த வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தை ஒரு வரியில் கடந்துவிட்டது வருத்தமளிக்கிறது. தாவரவியலாளர் இராபர்ட் வைட் உள்ளிட்டோரின் முயற்சியால் 1835-இல் தோன்றிய அச்சங்கத்தின் பொறுப்பிலிருந்த நிலத்தில்தான் 1962-இல் உணவகமே வந்தது. என் சிறுவயதில் தந்தையார் அச்சங்கத்தின் நாற்றுப்பண்ணையில் வாங்கிய ரோஜாக்கன்றை, வேரில் செம்மண் உருண்டையும் ஈர வைக்கோல் சுற்றுமாக, பேருந்தில் மடியில் ஏந்திவந்தது இன்றும் நினைவிருக்கிறது. உணவகம் 2008-இல் மூடப்பட்டு, 2010-இல் பூங்கா திறக்கப்பட்டபோது அங்கிருந்த முதுமரங்கள் வெட்டப்படாமல் காக்கப்பட்டன; அவற்றின் நிழலில் நடப்பவர்கள் அறியும்படி சங்கத்தின் பெயரை வாயிலில் ஒரு பலகையிலாவது பொறிக்க வேண்டும்.