மெமரி கார்டில் உள்ள பெரிய எண் பதிவு வேகம் அல்ல

'கார்டில் 170 என்று போட்டிருந்தால் கேமரா நொடிக்கு 170 மெகாபைட் பதியும். 4கே வீடியோவுக்கு அதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்' என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. முகப்பில் கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம், அதாவது படங்களைக் கணினியில் இறக்கும்போது கிடைப்பது. அதுவும் யுஎச்எஸ்-1 என்ற பரவலான வகைக் கார்டு நொடிக்கு 104 மெகாபைட்டைத் தாண்ட, அதற்கென்றே செய்த ரீடர் (கார்டைக் கணினியோடு இணைக்கும் கருவி) வேண்டும்.

வீடியோவுக்குப் பார்க்க வேண்டியது ஓரத்தில் பொடியாக அச்சிட்டிருக்கும் வி30 குறி. நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் தொடர்ந்து எழுதும் என்ற உத்தரவாதம் அது. நொடிக்கு 100 மெகாபிட் 4கே பதிவுக்கு, எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால், நொடிக்கு 12.5 மெகாபைட்தான் தேவை. சரி, பெரிய எண்ணால் பயனே இல்லையா? கல்யாண ஆல்பத்துக்கு எடுத்த ஆயிரம் படங்களை இறக்கும்போது நேரம் மிச்சமாகும், ரீடரும் ஈடுகொடுத்தால்.