ஆட்சேபம் உண்டா?

போன வாரம் ஜூனியர் பெண் ஒருத்தி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாள். "அக்கா, கிளப் மீட்டிங் ரெண்டரை மணி நேரம் நடந்துச்சு. எதுவுமே முடிவாகல. ஆனா ராத்திரி பதினொரு மணிக்கு குரூப்ல 'எல்லாரும் ஒத்துக்கிட்டபடி'ன்னு ஒரு மெசேஜ் வருது. எப்போக்கா ஒத்துக்கிட்டோம்?"

சிரிப்பு வந்தது, அப்புறம் கொஞ்சம் குற்ற உணர்ச்சியும். ஏனென்றால் அந்த "எல்லாரும் ஒத்துக்கிட்டபடி" மெசேஜை ஒரு காலத்தில் நானே அடித்து அனுப்பியிருக்கிறேன்.

இரண்டாமாண்டு படிக்கும்போது எங்கள் கல்லூரி நேச்சர் கிளப்புக்கு நான் செகரட்டரி. மொத்தம் 41 உறுப்பினர்கள். கல்ச்சுரல்ஸில் ஜூஸ் கடை போட்டுச் சம்பாதித்த 18,000 ரூபாய் கையில் இருந்தது. பாதிப் பேருக்கு அதை வைத்துக் கோடியக்கரைக்குப் போய்ப் பூநாரை பார்க்க ஆசை, மீதிப் பேருக்கு கிளப் பெயர் போட்ட டீ-ஷர்ட். மூன்றரைக்குக் கூட்டம் ஆரம்பித்தது. போன வருஷம் யார் வேலை செய்யவில்லை என்பதில் தொடங்கி, கேன்டீன் விலை, ஸ்டாஃப் இன்சார்ஜ் கையெழுத்துப் போடத் தாமதிப்பது என்று எங்கெங்கோ சுற்றியது. நாலே முக்காலுக்குக் காலேஜ் பஸ், டே ஸ்காலர்கள் எழுந்து போனார்கள். ஆறு மணிக்கு லேடீஸ் ஹாஸ்டலில் அட்டெண்டன்ஸ், நானும் மற்ற பெண்களும் போனோம். ஆறே காலுக்கு, மிச்சம் இருந்த ஒன்பது பேர் டீ-ஷர்ட் என்று முடிவு செய்தார்கள். மறுநாளே திருப்பூருக்கு அட்வான்ஸ் போய்விட்டது.

மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, எழுதியது நான். நான் இல்லாத நேரத்தில் எடுத்த முடிவை, "விவாதத்திற்குப் பின் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று என் அழகான கையெழுத்தில் எழுதினேன். அப்படித்தான் எழுதவேண்டும் என்று நினைத்தேன். முந்தைய ஐந்து வருஷ மினிட்ஸ் நோட்டிலும் அந்த ஒரே வரிதான் இருந்தது. ஐந்து வருஷமாக எங்கள் கிளப்பில் ஒருவர்கூட எதற்கும் "வேண்டாம்" சொன்னதில்லையாம்.

இந்த "ஒருமனதாக" என்ற வார்த்தைமேல் எனக்கு வந்த எரிச்சல்தான் இந்தப் பதிவு. நம் ஊர்க் கூட்டங்களில், கல்லூரி கிளப்பாகட்டும் அபார்ட்மெண்ட் சங்கமாகட்டும், யாரும் எதிர்க்காததால் அந்த வார்த்தை வருவதில்லை. எதிர்ப்பதற்கென்று ஓர் இடமும் நேரமும் நாம் ஒதுக்குவதே இல்லை, அதனால் வருகிறது.

கூட்டம் நடத்துவதற்கென்றே விதிகள் இருக்கின்றன, அதைப் படித்துக் கற்றுக்கொள்ளலாம் என்பதே எனக்கு மூன்றாமாண்டில்தான் தெரிந்தது. லைப்ரரியில் மேனேஜ்மெண்ட் அலமாரியில் தூசியோடு கிடந்த ராபர்ட்ஸ் ரூல்ஸ் ஆஃப் ஆர்டர் புத்தகத்தை, தலைப்பில் ஆர்டர் என்று இருந்ததால், ஏதோ ராணுவப் புத்தகம் என்று எடுத்தேன். முழுத் தப்பும் இல்லை, எழுதியவர் ராணுவக்காரர்தான். ஹென்றி மார்ட்டின் ராபர்ட், அமெரிக்க ராணுவத்தில் பொறியாளர். 1863-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நியூ பெட்ஃபோர்டு என்ற ஊரில் ஒரு சர்ச் கூட்டத்துக்குத் திடீரென்று அவரைத் தலைமை தாங்கச் சொல்லிவிட்டார்கள். மனுஷனுக்கு ஒன்றும் தெரியாது. கூட்டம் கையைவிட்டுப் போய்விட்டது. அந்த அவமானத்தில், இந்த விதிகளைத் தெரிந்துகொள்ளாமல் இனி எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை என்று முடிவு செய்து, சில குறிப்புகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார். பிறகு சான் பிரான்சிஸ்கோவுக்கு மாற்றலாகிப் போனால், அங்கே ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் வந்தவர்கள் ஆளுக்கொரு முறைதான் சரி என்று சண்டை. விதிகளைத் தொகுத்து 1876-இல் தன் செலவில் 4,000 பிரதி அச்சிட்டார். இரண்டு வருஷம் விற்கும் என்று நினைத்தது சில மாதங்களிலேயே தீர்ந்துபோனது. அன்றைக்குப் பாக்கெட்டில் வைக்கிற மாதிரி இருந்த புத்தகம், 2020-இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பில் 700 பக்கத்தைத் தாண்டிவிட்டது.

நான் 700 பக்கமும் படிக்கவில்லை, நீங்களும் படிக்கவேண்டாம். என்னைப் பிடித்து நிறுத்தியவை நாலைந்து விஷயங்கள்தான்.

முதலாவது, தீர்மானம் என்று ஒன்று முன்னால் இல்லாமல் பேச்சே கிடையாது. நாமோ முதலில் பேசுகிறோம், பேசிப்பேசி எதாவது தேறுமா என்று பார்க்கிறோம். அங்கே ஒருவர் எழுந்து "18,000 ரூபாயைக் கோடியக்கரைப் பயணத்துக்குச் செலவிடவேண்டும் என முன்மொழிகிறேன்" என்கிற மாதிரி ஒரு முழு வாக்கியமாக முன்மொழிய வேண்டும். இன்னொருவர் வழிமொழிய வேண்டும். வழிமொழிபவர் அதற்கு ஆதரவு என்று அர்த்தமில்லை, "இதைப் பேசலாம்" என்று மட்டும்தான் அர்த்தம். இது எனக்குப் பெரிய திறப்பு. அதுவரை நாங்கள் வழிமொழிவதை ஏதோ ஜாமீன் கையெழுத்து மாதிரி நினைத்துப் பயந்துகொண்டிருந்தோம். தீர்மானம் வந்தபிறகு கேன்டீன் விலையைப் பேச முடியாது. பேசினால் தலைவர் நிறுத்தலாம், அவர் மறந்தால் கடைசி பெஞ்சில் இருக்கும் முதலாமாண்டு மாணவிகூட "இது விதிப்படி இல்லை" என்று ஒழுங்குப் பிரச்சினை (பாயிண்ட் ஆஃப் ஆர்டர்) எழுப்பலாம்.

இரண்டாவது, ஒரே தீர்மானத்தின்மீது ஒருவர் ஒரு நாளில் இரண்டு முறைதான் பேசலாம், ஒவ்வொரு முறையும் பத்து நிமிஷம்தான். அதைவிட முக்கியம், இதுவரை வாயே திறக்காத ஒருவர் பேச விரும்பினால், அவர் பேசி முடிக்கும்வரை ஏற்கெனவே பேசியவருக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை. இந்த ஒரு விதிக்காகவே ராபர்ட்டுக்குக் கோயில் கட்டலாம். எங்கள் கிளப்பில் மூன்று பேர்தான் பேசுவார்கள், மூவரும் ஃபைனல் இயர், மூவருக்கும் கணீரென்ற குரல். இந்த விதியை வைத்த முதல் கூட்டத்தில், ஒன்றரை வருஷமாக ஒரு வார்த்தை பேசாத ஒரு பையன் எழுந்து, கோடியக்கரைக்கு எந்த மாதம் போனால் பறவை இருக்கும், வேன் வாடகை என்ன, தங்குவதற்கு யாரிடம் அனுமதி வாங்கவேண்டும் என்று எல்லாவற்றையும் தாளில் எழுதிவந்து வாசித்தான். நாகப்பட்டினம் பக்கத்துப் பையன். அவனை யாரும் கேட்டதே இல்லை.

அப்புறம் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் இருக்கவேண்டும் என்ற எண்ணிக்கை. தமிழில் இதைக் குறைவெண் என்பார்கள், ஆனால் எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வது கோரம்தான். ஒருநாள் எழுந்து நின்று "கோரம் இல்லை" என்று சொன்னேன். முன்னால் இருந்த பையன் "யாருக்கா கோரம்?" என்று திரும்பிப் பார்த்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன். மக்களவைக்கே பத்தில் ஒரு பங்கு இருக்கவேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது, 543 இடத்துக்கு 55 பேர். ராபர்ட் விதிப்படி, சங்கத்தின் சட்டதிட்டம் வேறு சொல்லாவிட்டால், பாதிக்கு மேல் உறுப்பினர்கள் இருந்தாகவேண்டும். எங்கள் 41 பேருக்கு 21. அதாவது நாலே முக்கால் பஸ் கிளம்பிய நிமிஷமே அந்த டீ-ஷர்ட் கூட்டம் செத்துப்போயிருக்கவேண்டும். ஒன்பது பேர் உட்கார்ந்து டீ குடிக்கலாம், பணத்தைத் தொடமுடியாது. இதைத் தெரிந்துகொண்ட அன்று, ஏற்கெனவே தைத்து வந்து இரண்டு முறை துவைத்துச் சாயம் போயிருந்த அந்த டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டுதான் லைப்ரரியில் உட்கார்ந்திருந்தேன்.

விவாதத்தை நிறுத்தி ஓட்டுக்கு விடு என்று சொல்ல அங்கே சாதாரணப் பெரும்பான்மை போதாது, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இன்னொருவரின் பேசும் உரிமையைப் பறிக்கிறாய் அல்லவா, அதற்கு விலை அதிகம். குரல் வாக்கெடுப்பில் "ஆம்" சத்தமாகக் கேட்டது என்று தலைவர் அறிவித்தாலும், சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு உறுப்பினர் கேட்டாலும் எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி வாக்கெடுக்கவேண்டும். ஒரே ஒருவர்! சத்தம் போடத் தெரியாதவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இப்படிச் சொன்னால் எல்லாம் இனிமையாக நடந்த மாதிரி இருக்கும். நடக்கவில்லை. புத்தகம் கையில் கிடைத்த முதல் இரண்டு மாதம் நான் ஒரு சித்திரவதை. யார் வாயைத் திறந்தாலும் பாயிண்ட் ஆஃப் ஆர்டர். ஏழு பேர் கமிட்டியில் சமோசா வாங்குவதற்குக்கூட முன்மொழி, வழிமொழி என்றேன். "டேபிள் பண்ணலாம்" என்று நான் சொன்னால் பாதிப் பேர் இப்போது எடுத்துப் பேசலாம் என்று புரிந்துகொண்டார்கள், மீதிப் பேர் ஒத்திப்போடலாம் என்று. பிரிட்டிஷ் வழக்கில் முதல் அர்த்தம், அமெரிக்காவில் இரண்டாவது, நாங்கள் இரண்டிலும் மாட்டிக்கொண்டோம். கடைசியில் ஒரு சீனியர் அண்ணா பொறுமையிழந்து, "நீ கிளப் நடத்துறியா, கோர்ட் நடத்துறியா?" என்றார். சுருக்கென்றது.

வேடிக்கை என்னவென்றால் அதற்கும் அதே புத்தகத்தில் பதில் இருந்தது, நான்தான் தாண்டிப் போயிருந்தேன். பன்னிரண்டு பேருக்கு உட்பட்ட சின்னக் குழுக்களில் எழுந்து நிற்கவேண்டாம், வழிமொழிய வேண்டாம், தலைவரும் விவாதத்தில் கலந்துகொள்ளலாம். பெரிய கூட்டத்திலும் சர்ச்சையில்லாத விஷயத்துக்கு வாக்கெடுப்பே தேவையில்லை. "ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டு, ஒரு நொடி நிறுத்தி, இல்லையென்றால் நிறைவேறியது என்று போய்க்கொண்டே இருக்கலாம். அந்த ஒரு நொடி நிறுத்துவதில்தான் எல்லாம் இருக்கிறது. நாங்கள் எழுதிவந்த "ஒருமனதாக"வில் அந்த நொடி இல்லை.

இதையெல்லாம் சொன்னால் உடனே ஒருவர் வருவார். "ஆயிரம் வருஷம் முன்னாடியே உத்திரமேரூரில் குடவோலை வைத்த இனம், நமக்கு அமெரிக்காக்காரன் சொல்லித்தரணுமா?" எனக்கும் உத்திரமேரூர்மேல் மரியாதை உண்டு. ஆனால் முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டில் நிலம் இல்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அதில் எனக்குப் பிடித்த வரி வேறு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்கக்கூடாது, அவருடைய உறவினர்களும் நிற்கக்கூடாது. மேடையில் குடவோலை பேசும் எத்தனை கிளப்புகள் போன வருஷக் கணக்கை உறுப்பினர்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கின்றன?

உத்திரமேரூர்வரை போகவும் வேண்டாம். இந்தப் புத்தகத்தோடு நான் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பெருமையாக விளக்கியபோது அவர் முறுக்குப் பிழிந்துகொண்டே, "எங்க குழுவுல இதானடி பண்றோம்" என்றார். மகளிர் சுயஉதவிக் குழு. 1989-இல் தர்மபுரியில் தொடங்கித் தமிழ்நாடு முழுக்கப் பரவிய குழுக்கள். ஊக்குநர், பிரதிநிதிகள், வட்டமாக உட்காருவது, போன கூட்டத்துத் தீர்மானத்தை வாசிப்பது, சேமிப்புக் கணக்கைச் சொல்வது, யாருக்கு முதலில் கடன் என்று பேசி முடிவெடுப்பது, தீர்மானப் புத்தகத்தில் வந்திருக்கும் எல்லோரும் கையெழுத்துப் போடுவது. அம்மா எட்டாவது வரை படித்தவர். அவருடைய குழுத் தீர்மானப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் "இன்று 7 பேரே வந்ததால் கடன் பற்றிப் பேசவில்லை" என்று இருந்தது. பொறியியல் படித்த எங்கள் நோட்டில் அப்படி ஒரு வரி கிடையாது.

இன்னொரு கேள்வி, வாட்ஸ்அப்பில் 'போல்' (வாக்கெடுப்பு) போட்டால் போதாதா? தேதி குறிக்கப் போதும். ஆனால் போலில் திருத்தம் கொண்டுவர முடியாது. "டீ-ஷர்ட்டா, டிரிப்பா" என்று இரண்டு பட்டனை வைப்பவர்தான் அங்கே ராஜா. "பாதிப் பணத்தில் டிரிப், மீதி சேமிப்பு" என்ற மூன்றாவது யோசனை கூட்டத்தில் யாராவது திருத்தமாகச் சொன்னால்தான் பிறக்கும். திருத்தத்துக்கு முதலில் ஓட்டு, அப்புறம் திருத்திய தீர்மானத்துக்கு ஓட்டு. எங்கள் கோடியக்கரைப் பயணம் அடுத்த ஜனவரியில் அப்படித்தான் நடந்தது, 16 பேர், ஒரு வேன்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தபிறகும், ஸ்டாஃப் இன்சார்ஜ் தன் அறையில் உட்கார்ந்து ஒரே வார்த்தையில் மாற்றிவிட முடியும் என்பது உண்மைதான். அதற்கு ராபர்ட்டிடம் மருந்து இல்லை. ஆனால் "பசங்க ஆசைப்படுறாங்க சார்" என்று போய் நிற்பதற்கும், "வந்தவர் 27, ஆதரவு 19, எதிர்ப்பு 8" என்று எழுதிய தாளோடு போய் நிற்பதற்கும் வித்தியாசம் இருந்தது. அந்தத் தாளை அவர் இரண்டு முறை படித்தார்.

ஜூனியருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். அடுத்த கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னாலேயே என்ன பேசப்போகிறோம் என்று எழுதி அனுப்பு. பஸ் கிளம்பும் நேரத்தைக் கூட்டம் முடியும் நேரமாக வை. மினிட்ஸில் "ஒருமனதாக" என்று எழுதுவதற்கு முன் எண்ணு. நேற்று ராத்திரி போட்டோ அனுப்பியிருந்தாள், மினிட்ஸ் நோட்டின் ஒரு பக்கம். சந்தாவை 100-லிருந்து 150 ஆக்கவேண்டும் என்ற தீர்மானம், முன்மொழிந்தது அவளேதான். ஆதரவு 9, எதிர்ப்பு 17, தோற்றது. கீழே அவள் கையெழுத்து. "கடுப்பா இருக்குக்கா" என்று ஒரு ஸ்மைலி.

ஈழத்து நண்பர் ஒருவர் தங்கள் பள்ளியில் மாணவர் மன்றக் கூட்டத்தில் சென்ற கூட்ட அறிக்கை வாசித்து, ஒருவர் முன்மொழிய ஒருவர் வழிமொழிய உறுதிப்படுத்துவதைச் சின்ன வகுப்பிலேயே பழகியதாகச் சொன்னார், பொறாமையாக இருந்தது. உங்கள் பள்ளியில், கல்லூரியில் எப்படி? யாராவது எழுந்து "நான் எதிர்க்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொன்னதுண்டா? அன்றைக்கு என்ன நடந்தது என்று கமெண்டில் எழுதுங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.