செவ்வாயிலிருந்து ‘ஹலோ’ சொன்னால் உடனே பதில் வராது

தமிழில் அறிவியல் புனைகதை எழுத நிறைய பேர் வந்திருக்கிறார்கள். விண்வெளிக் கதை என்றால் தேடிப்பிடித்துப் படிக்கிற ஆள் நான். அந்த உரிமையில் எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். செவ்வாய்க் குடியிருப்பில் மகன் திரையைத் தொடுவான். மதுரையில் அம்மா எடுப்பார். “சாப்டியாப்பா?” “ஆச்சும்மா.” இந்த மாதிரிக் காட்சிகளை எப்போது விடப்போகிறோம்?

செவ்வாய் நமக்கு மிக அருகில் வரும்போதுகூட ரேடியோ அலை ஒருவழி போக 3 நிமிடம் எடுக்கும். சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் 22 நிமிடம். “சாப்டியா?” போய்ச் சேர்ந்து “ஆச்சும்மா” திரும்பி வர முக்கால் மணி நேரம். இரண்டு வருடம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செவ்வாய் சூரியனுக்கு நேர் பின்னால் போகும். அப்போது நாசா தன் செவ்வாய்க் கலங்களுக்குச் சுமார் இரண்டு வாரம் கட்டளைகளே அனுப்புவதில்லை. சூரியனின் வெப்ப வாயு குறுக்கே வந்து கட்டளையைச் சிதைத்துவிட்டால் கலத்துக்கே ஆபத்து.

பலர் இதைக் கதைக்குத் தொந்தரவு என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அந்த 22 நிமிடம்தான் வேண்டும். மகன் அழுதுகொண்டே பேசி அனுப்பியிருக்கிறான், அம்மா அதற்கு முன் அனுப்பிய சிரிப்பு இப்போதுதான் அவன் திரைக்கு வந்து சேர்கிறது. இப்படி ஒரு காட்சியை பூமியில் நடக்கும் எந்தக் கதையாலும் தர முடியாது.

நிஜத்தில் நடந்ததையே பாருங்கள். 1977-ல் கிளம்பிய நாசாவின் வாயேஜர் 1 விண்கலம், 2023 நவம்பரில் திடீரென்று உளறத் தொடங்கியது. சிக்னல் வருகிறது, அதில் அர்த்தமில்லை. கலம் அப்போது இருந்தது 2400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். ஒரு கட்டளை போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம், அது என்ன ஆனது என்று தெரிய இன்னொரு இருபத்திரண்டரை மணி நேரம். இப்படி மாதக்கணக்கில் ஒரு கேள்வி, இரண்டு நாள் காத்திருப்பு, அடுத்த கேள்வி. கடைசியில் 1970களின் கணினி ஒன்றில் ஒரே ஒரு நினைவக சிப் செத்துப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அதில் இருந்த நிரலை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றால் மொத்தமாக வைக்க எங்கும் இடமில்லை. துண்டு துண்டாக வெட்டி, கிடைத்த இடுக்குகளில் சொருகி, ஒரு துண்டு மற்றதைச் சரியாகத் தேடிப்போகும்படி திருத்தி, 2024 ஏப்ரல் 18 அன்று அனுப்பினார்கள். 20-ஆம் தேதி பதில் வந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு கலம் தன் உடல்நிலையை ஒழுங்காகச் சொன்னது. இதில் வில்லன் இல்லை, சண்டை இல்லை, அந்நியக் கோள்வாசி இல்லை. ஆனாலும் செய்தியைப் படித்தபோது எனக்கு மூச்சு நின்று வந்தது.

நம் மங்கள்யானும் அப்படித்தான். 2014 செப்டம்பர் 24 காலை. முந்நூறு நாள் சும்மா கிடந்த முதன்மை எஞ்சினை இரண்டு நாள் முன்புதான் 4 விநாடி எரித்துப் பார்த்திருந்தார்கள். இப்போது அது 24 நிமிடம் எரிய வேண்டும். அந்த நேரத்தில் கலம் செவ்வாயின் நிழலுக்குள் போய்விடும், பிறகு கோளே குறுக்கே வந்து தொடர்பை மறைத்துவிடும். செய்தி வர 12 நிமிடத்துக்கு மேல் வேறு. செய்ய வேண்டியதையெல்லாம் முன்பே கலத்துக்குச் சொல்லி வைத்துவிட்டு, பெங்களூரில் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். முடிவு அங்கே நடந்து முடிந்துவிட்டது, இங்கே இன்னும் யாருக்கும் தெரியாது. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் அந்த அறையில் இருந்த ஒருவரின் மனசுக்குள் புகுந்து எழுதுங்கள். நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

இன்னொரு சம்பவம், அவ்வளவாகப் பேசப்படாதது. சனியின் துணைக்கோளான டைட்டனில் இறங்குவதற்காக ஹைகன்ஸ் என்ற கலம், சனியைச் சுற்றப்போகும் காசினி கலத்தோடு சேர்ந்து 1997-ல் கிளம்பிவிட்டது. ஹைகன்ஸ் சொல்வதைக் காசினி வாங்கித்தான் பூமிக்கு அனுப்ப வேண்டும். 2000-ல் ஐரோப்பிய விண்வெளி முகமையின் பொறியாளர் போரிஸ் ஸ்மெட்ஸ், இறங்கும்போது சிக்னலின் அதிர்வெண் எப்படி மாறுமோ அதே மாதிரி ஒரு சோதனை சிக்னலை பூமியிலிருந்து காசினிக்கு அனுப்பிப் பார்த்தார். காசினியின் ரிசீவரால் அதைப் படிக்க முடியவில்லை. கலங்கள் நகரும் வேகத்தால் சிக்னல் மாறுவதை, அதாவது டாப்ளர் விளைவை, வடிவமைப்பில் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. கலம் ஏற்கெனவே வானத்தில், ரிசீவரைக் கழற்றி மாற்ற வழியில்லை. என்ன செய்தார்கள்? காசினியின் பாதையையே மாற்றினார்கள். டைட்டனை ஒட்டிப் போகாமல் சுமார் 60,000 கிலோமீட்டர் தள்ளிப் போகவைத்து, காசினி ஹைகன்ஸை நேராக நெருங்கும் வேகத்தைக் குறைத்தார்கள். 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் இறங்கியது. அன்றும் காசினியில் ஒரு சானலின் ரிசீவரை இயக்கும் கட்டளை விடுபட்டுப்போய், பாதிப் படங்கள் தொலைந்தன. மிச்சப் படங்களில்தான் உருண்டைக் கற்கள் கிடக்கும் அந்த ஆரஞ்சு நிறத் தரையை நாம் பார்க்கிறோம். மைனஸ் 179 டிகிரி, மீத்தேன் மழை, பூமியின் ஏழில் ஒரு பங்கு ஈர்ப்பு, நம்மைவிட ஒன்றரை மடங்கு காற்றழுத்தம். அங்கே மழைத்துளி எவ்வளவு மெதுவாக விழும் என்று யோசித்தாலே ஒரு அத்தியாயம் எழுதலாம்.

“கதைக்கு எதுக்குங்க இவ்வளவு கணக்கு? கற்பனைன்னு ஒண்ணு இல்லையா?” என்று கேட்பார்கள். ஒளியைவிட வேகமாகப் போகும் கப்பல் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அது கதைக்குத் தரும் சலுகை. ஆனால் அந்தக் கப்பல் ஊரையும் உறவையும் எப்படி மாற்றும் என்று யோசித்து எழுதுங்கள். கணக்கே தெரியாமல் விட்ட இடமும், தெரிந்தே தாண்டிய இடமும் படிக்கிறவனுக்குத் தனித்தனியாகத் தெரியும்.

சரி, சலுகையே வேண்டாம் என்று வையுங்கள். பக்கத்து நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு. வாயேஜர் 1-இன் வேகத்தில் போனால் சுமார் 75,000 வருடம். எப்படியோ தலைமுறை தலைமுறையாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், 2016-ல் கண்டுபிடிக்கப்பட்ட பிராக்சிமா பி கோளில் நம் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஊரில் உறவுக்காரர் ஒருவர் தவறிவிட்டார். செய்தி வந்து சேர நாலே கால் வருடம். பதினாறாம் நாள் காரியத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவார்கள்? இறந்த நாளிலிருந்தா, செய்தி கேட்ட நாளிலிருந்தா? வருடத் திதி கொடுக்க வேண்டும் என்றால் அந்தக் கோளின் வருடமே 11 நாள்தான். திதி பார்க்க நம் நிலா அங்கே இல்லை. அந்தக் கோளின் ஒரு பக்கம் எப்போதும் நட்சத்திரத்தையே பார்த்தபடி இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். அப்படியானால் விடிகாலை என்று ஒன்றே கிடையாது. நிரந்தர வெளிச்சத்துக்கும் நிரந்தர இருட்டுக்கும் நடுவில் ஒரு அந்திக்கோட்டில் வாழ்கிறவர்கள், அமாவாசைத் தர்ப்பணத்தை எப்படிக் குறிப்பார்கள்? பூமியின் பஞ்சாங்கத்தை நாலே கால் வருடம் தள்ளி வைத்துப் பார்ப்பார்களா? பெரியவர்கள் பூமிக் கணக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க, அங்கேயே பிறந்த பிள்ளைகள் “எந்த நிலா?” என்று கேட்பார்களா? இந்தக் கதை எங்கள் வீட்டுக் கூடத்திலேயே நடப்பதுபோல் இருக்கிறது எனக்கு. இதை எழுத அறிவியலும் வேண்டும், நம் வீடும் தெரிந்திருக்க வேண்டும். தமிழில் எழுதுகிறவர்களிடம் இரண்டும் இருக்கிறது.

தூரம் மட்டுமில்லை, சுற்றுப்பாதையும் இப்படித்தான் வியக்க வைக்கும். 1965 ஜூனில் ஜெமினி 4 விண்கலத்தில் போன அமெரிக்க விண்வெளி வீரர் ஜிம் மெக்டிவிட், தங்களைக் கொண்டுவந்த ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தை நெருங்க, விமானம் ஓட்டுகிற பழக்கத்தில் அதை நோக்கி உந்தினார். நெருங்கவில்லை. எரிபொருள்தான் கரைந்தது, முயற்சியைக் கைவிட்டார்கள். முன்னால் போகிறவனைப் பிடிக்க வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்து, கீழே இறங்கி, சின்ன வட்டத்தில் ஓட வேண்டும். துரத்தல் காட்சி எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல திருப்பம் எங்கே கிடைக்கும்?

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நாசாவின் ‘டிஎஸ்என் நவ்’ பக்கத்தைத் திறந்து பாருங்கள், இலவசம்தான். கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன், மாட்ரிட், கான்பெரா ஆகிய மூன்று இடங்களில் உள்ள ஆண்டெனாக்களில் எது இந்த நிமிடம் எந்தக் கலத்தோடு பேசுகிறது, சிக்னல் போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது எல்லாம் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் கதாபாத்திரம் இருக்கும் தூரத்துக்கு அந்த நேரத்தைக் கணக்குப் போட்டு, வசனத்துக்குப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு காட்சியைத் தொடங்குங்கள். அந்தத் திதிக் கதையை யாராவது எழுதினால் கட்டாயம் என்னை டேக் செய்யுங்கள்.