மண்மாரி பெய்த காட்டில் ஒரு நடை

போன பங்குனியில் குதிரைமொழித் தேரியில் இயற்கை நடை ஒன்றுக்குப் போயிருந்தேன். திருச்செந்தூர் வருகிறவர்களில் பலர் பக்கத்திலேயே இப்படி ஒரு செம்மண் காடு இருப்பது தெரியாமலே பஸ் ஏறிவிடுகிறார்கள். மேடு மேடாகச் சிவந்த மணல், இடையிடையே பனையும் உடைமரமும் கொல்லாமரமும்.

கூட்டிப்போன தம்பி படித்தவர், அழகாகவே விளக்கினார். காற்று அள்ளிவந்து குவித்த மணல் இது, ஒவ்வொரு பருக்கையின் மேலும் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் இந்தச் சிவப்பு. சரி. அப்போது கூட வந்த பனையேறித் தாத்தா, "இது மண்மாரி பெஞ்ச எடம்லா" என்று அருஞ்சுனை காத்த அய்யனார் கதையை எடுத்தார். செய்யாத திருட்டுக்காக ஒரு பெண்ணை மன்னன் சாகடித்தான், அவள் விட்ட சாபத்தில் வானத்திலிருந்து மண்ணாகக் கொட்டி ஊரே மூடிப்போனது. தம்பி சிரித்துக்கொண்டே, "அது நம்பிக்கை தாத்தா, நாம அறிவியலுக்கு வருவோம்" என்று அடுத்த மேட்டுக்கு நடந்துவிட்டார்.

எனக்கு எரிச்சல் வந்தது அங்கேதான். ஆடிக்காற்றில் தேரியில் நின்றவர்களைக் கேளுங்கள், மண் காலடியில் இருக்காது, கண்ணிலும் வாயிலும்தான் இருக்கும். மேலேயிருந்து வந்து விழுந்த மண் என்று நிலவியல் சொல்வதைத்தானே கதையும் சொல்கிறது? கூடவே ஓர் அநியாயத்தையும் மறக்காமல் வைத்திருக்கிறது. சாபத்தை நம்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை, கதையை முடிக்க விட்டிருக்கலாம்.

இத்தனைக்கும் அன்றைக்கு நல்ல அறிவியல் பாடம் நடத்தியது தாத்தாதான். கலயத்தின் உள்பக்கம் விரலால் சுண்ணாம்பு தடவிக் காட்டினார். குறைந்தால் அதில் இறங்கும் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும், கூடினால் நாக்கு காரும். நொதிக்கும் ஈஸ்ட்டை அடக்க எவ்வளவு காரத்தன்மை வேண்டும் என்பதை அவர் விரல் அளந்துவிடுகிறது, அதை அளக்கும் பிஎச் தாள் எதுவும் இல்லாமல். பனை பாளை விடவே பன்னிரண்டு பதினைந்து வருஷம் ஆகும், அதுவரை ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது என்றும் அவர்தான் சொன்னார். அலகுப்பனை ஆண், பருவப்பனை பெண். இந்தப் பெயர்கள் எங்களுக்குக் கொடுத்த கையேட்டில் இல்லை, லத்தீன் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது!

இதே தேரிகளில் கிடைத்த கற்கால நுண்கற்கருவிகளைப் பற்றி தொல்லியல் ஆய்வாளர்கள் சொய்னரும் ஆல்சினும் 1956-லேயே எழுதியிருக்கிறார்கள். விரல் நுனியளவு கல்லைச் செதுக்கியவனும் கைத்தொழில்காரன்தான், அவன் என்ன கதை சொன்னானோ.

நடைக்கு ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் வாங்கினார்கள். தாத்தாவுக்கு ஒரு டீ. வழிகாட்டிக்குக் கொடுப்பதில் பாதியாவது அவருக்கும் கொடுங்கள் என்று ஏற்பாட்டாளரிடம் சொன்னேன், "அவங்க ஆசைக்கு வர்றாங்க சார்" என்றார்.

திரும்பும்போது தாத்தா ஓலையை மடக்கிப் பட்டை பிடித்து, பதநீர் ஊற்றி நீட்டினார். சிந்தாமல் குடிக்கத் தெரியாமல் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டே மீதிக் கதையைக் கேட்டேன்.